காளி என்றொரு நாய்: தக்கோலப் போரும் ஒரு நினைவுக்கல்லும்

எங்கள் வீட்டு நாயின் பெயர் செவலை. உண்மையில் அது தாத்தாவின் நாய். திருவையாற்றுப் பக்கம் எங்கள் கிராமத்தில் பதினோரு வருடம் அவருடனேயே சுற்றியது. போன குறுவை அறுப்பு முடிந்த கையோடு செத்துப்போனது. வாய்க்கால் கரையில் பூவரச மரத்தடியில் தாத்தாவே குழி வெட்டிப் புதைத்தார். அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரு நாய்க்குப் போயா இப்படி?" என்று அப்பாயி சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

லீவில் ஊருக்குப் போயிருந்தபோது தாத்தா என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, நீதான் சரித்திரம் படிக்கிற ஆளாச்சே. அந்தக் காலத்துல நாய்க்கு யாராவது கல்லு நட்டிருக்காங்களா?"

கேள்வியில் கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் அப்போதைக்கு "பார்த்துச் சொல்றேன் தாத்தா" என்று தப்பித்துவிட்டேன். அப்புறம் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து தேடியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு தேடியதில்லை, அது வேறு விஷயம்!

சுருக்கமான பதில்: நட்டிருக்கிறார்கள். அதில் ஒரு கல்லுக்கும் எங்கள் தஞ்சாவூருக்கும் நேரான சம்பந்தம் இருக்கிறது.

முதலில் கோவிவன்

நடுகல் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போரிலோ, மாடு பிடிக்கும் சண்டையிலோ, ஊரைக் காக்கும்போதோ இறந்த வீரனுக்காக நடும் கல். கல்லைத் தேர்ந்தெடுத்து, நீராட்டி, உருவமும் பெயரும் பொறித்து, நட்டு, படையல் வைப்பார்கள். தொல்காப்பியத்திலேயே இந்தச் சடங்குகளுக்கு இலக்கணம் இருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்தைச் சுற்றி இப்படிப்பட்ட கற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. அந்தப் பகுதியில்தான் எடுத்தனூர் இருக்கிறது. அங்குள்ள ஒரு நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எழுத்து வட்டெழுத்து.

கல்லில் ஒரு வீரன் நிற்கிறான். பெயர் கருந்தேவக்கத்தி. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தவன். இதுவரை எல்லா நடுகல்லையும் போலத்தான். ஆனால் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு சிறு வாசகமும் உண்டு: கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாம்.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது இரண்டு விஷயங்கள். ஒன்று, நாயின் பெயர். எத்தனையோ போர்களில் செத்த எத்தனையோ மனிதர்களின் பெயரே நமக்குத் தெரியாது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன் ஒரு எருமை மந்தையைக் காத்த நாயின் பெயர் தெரியும்! இரண்டாவது, அந்த எண்ணிக்கை. பொத்தாம்பொதுவாக 'வீரமாகச் சண்டை போட்டது' என்று எழுதவில்லை. இரண்டு பேரைக் கடித்தது என்று கணக்கு வைத்து எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு அங்கே இருந்து பார்த்த யாரோ சொல்லித்தான் இது எழுதப்பட்டிருக்கும்.

நாய் மட்டுமல்ல. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த ஒரு சேவலுக்குக்கூடக் கல் நட்டிருக்கிறார்கள். ஆகவே பிராணிகளுக்குக் கல் நடுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல.

ஆனால் எடுத்தனூர்க் கல் முதலில் கருந்தேவக்கத்திக்குத்தான். நாய் அவனோடு சேர்ந்து வருகிறது. நாய்க்கென்றே நட்ட கல்லைப் பார்க்க நாம் காவிரியின் மேல்கரைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு போரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தக்கோலம், கி.பி. 949

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குத் தக்கோலம் என்ற பெயர் மறக்காது. இப்போதைய ராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். 949இல் அங்கேதான் தஞ்சைச் சோழர்கள் படுதோல்வி அடைந்தார்கள்.

அப்போது தஞ்சையில் அரசன் முதலாம் பராந்தகன். கி.பி. 907இல் பட்டத்துக்கு வந்தவன். அவன் மகன் இராஜாதித்தன் பட்டத்து இளவரசன். வடக்கே இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பெரும் படையோடு வந்தான். அவனுக்குத் துணையாக வந்தவன் மேலைக் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். இவன் கிருஷ்ணனின் சகோதரியை மணந்தவன். தக்கோலத்தில் நடந்த சண்டையில் பூதுகன் கையால் இராஜாதித்தன் இறந்தான். யானை மேல் இருந்தபடியே உயிர் போனதால் 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று சோழர் கல்வெட்டுகள் அவனைக் குறிப்பிடுகின்றன.

இந்த ஒரு சாவுக்குப் பின் சோழ நாடு ஆட்டம் கண்டது. தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்று தமிழிலேயே பட்டம் போட்டுக்கொண்டான். மறுபடி இராஜராஜன் 985இல் வந்துதான் சோழர் கொடி பழைய உயரத்துக்கு ஏறியது. 1010இல் பெரிய கோயில் கட்டி முடிந்தபோது தக்கோலம் நடந்து அறுபது வருடம் ஆகியிருந்தது.

நாங்கள் பள்ளியில் படித்த தக்கோலப் போர் இவ்வளவுதான். காரணங்கள், விளைவுகள், ஐந்து மதிப்பெண். அதற்குள் ஒரு நாய் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"காளியைக் கொடுங்கள்"

போரில் ஜெயித்தவர்கள் பரிசு பெறுவது வழக்கம். பூதுகனுக்குக் கிடைத்தது சாதாரணப் பரிசு அல்ல. வனவாசி பன்னீராயிரம், பெள்வோலம் முந்நூறு என்று வரிசையாக நாடுகளையே கிருஷ்ணன் கொடுத்தான். இந்த எண்கள் அந்தக் காலத்தில் நாட்டுப் பிரிவுகளின் பெயரோடு ஒட்டி வருபவை.

பூதுகனின் படையில் மணலேரன் என்று ஒரு வீரன். தக்கோலத்தில் நன்றாகப் போரிட்டவன். அவன் வீரத்தைப் பார்த்து மகிழ்ந்த அரசன், "வேண்டியதைக் கேள்" என்றான்.

நீங்களும் நானும் என்ன கேட்டிருப்போம்? ஊர், பொன், பதவி. மணலேரன் கேட்டது ஒரு வேட்டை நாயை. அதன் பெயர் காளி. "காளியைத் தயவுசெய்து எனக்குக் கொடுங்கள்" என்றான். கொடுத்தார்கள்.

இதை நான் கதையாகச் சொல்லவில்லை. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டம், மத்தூர் வட்டத்தில் ஆதகூர் என்ற ஊரில் இருந்த கல்வெட்டு சொல்கிறது. பழைய கன்னடம். சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50. தக்கோலத்தில் என்ன நடந்தது, இராஜாதித்தனை யார் கொன்றது என்பதற்கு வரலாற்று ஆசிரியர்கள் முக்கியமான ஆதாரமாகக் காட்டுவது இந்தக் கல்வெட்டைத்தான். சோழ வரலாற்றின் ஒரு திருப்புமுனைக்கான சாட்சி, ஒரு நாயின் நினைவுக்கல்!

அப்புறம் என்ன ஆயிற்று? ஒருநாள் பெள்தூருக்கு மேற்கே ஒரு குன்றுப் பக்கம் பெரிய காட்டுப் பன்றி ஒன்றின் மேல் காளியை ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று இரண்டுமே செத்தன. அந்த நினைவாக ஆதகூர்ச் சிவன் கோயிலுக்கு முன்னால் மணலேரன் கல் நட்டான். கல்லின் மேல்பகுதியில் நாயும் பன்றியும் மோதும் காட்சியைச் செதுக்கினான். அந்தக் கல்லுக்குப் பூசை நடக்க ஏரிக்குக் கீழே நிலமும் விட்டான். கோயில் பூசாரி அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் பாவம் சேரும் என்று எச்சரிக்கையும் எழுதிவைத்தான்.

கடைசி வாக்கியத்தை மறுபடி ஒருமுறை படியுங்கள். தினமும் ஒரு மனிதர் அந்த நாயை நினைத்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். அதற்கான செலவுக்கு நிலம்.

மணலேரனுக்கு நாயைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆதகூரைச் சேர்ந்த பன்னிரண்டு ஊர்களைப் பூதுகன் அவனுக்குக் கொடுத்ததாகவும் அதே கல் சொல்கிறது. போர் முடிந்து வாள் கழுவும்போது கொடுக்கும் மானியம் அது. ஆனால் அது தலைவனாகப் பார்த்துக் கொடுத்தது. 'வேண்டியதைக் கேள்' என்றபோது அவன் வாயில் வந்தது காளியின் பெயர்தான்.

அந்தக் கல் இப்போது பெங்களூரில் கஸ்தூரிபா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

யார் பக்கம் நிற்பது?

இதைப் படித்து முடித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. நான் தஞ்சாவூர்க்காரன். இராஜாதித்தன் எங்கள் ஊர் இளவரசன். அவன் சாவுக்குக் காரணமான படையில் இருந்தவனுக்குக் கிடைத்த பரிசுதான் காளி. நியாயமாகப் பார்த்தால் எனக்கு மணலேரன் மேல் கோபம் வர வேண்டும்.

வரவில்லை. நாடு நாடாகப் பரிசு வாங்கிய பூதுகன் எனக்கு ஒரு பெயர் மட்டுமே. மூன்றாம் கிருஷ்ணனும் அப்படித்தான். மணலேரனை மட்டும் எனக்குத் தெரிந்தவர் மாதிரி இருக்கிறது. ஏனென்றால் அவன் மாதிரி ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

டெல்டாவில் ஏன் கல் இல்லை?

சரி, தஞ்சாவூர்ப் பக்கம் யாரும் நாய் வளர்க்கவில்லையா? இங்கே ஏன் இப்படி ஒரு கல் இல்லை?

காரணம் ரொம்பச் சாதாரணமானது. எங்களிடம் கல்லே கிடையாது! நடுகற்கள் அதிகம் கிடைக்கும் இடங்களைப் பாருங்கள்: திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர். எல்லாம் பாறையும் குன்றும் மேய்ச்சல் காடும் உள்ள பூமி. மாடுதான் செல்வம். மாட்டைப் பிடிப்பதும் மீட்பதும்தான் சண்டை. காவிரி டெல்டா அப்படியல்ல. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். எங்கே தோண்டினாலும் மண்ணும் மணலும்தான். பெரிய கோயிலுக்கே கருங்கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. இராஜராஜனுக்கு அது முடியும். களத்துமேட்டில் காவல் கிடந்த ஒரு நாய்க்காக யார் கல் கொண்டுவருவார்கள்?

ஆனால் டெல்டாவில் நாய்க்கு வேலை இல்லாமல் இல்லை. அறுப்புக் காலத்தில் களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு ராத்திரி காவல் இருப்பவர்களோடு நாயும் இருக்கும். வயலில் எலி வளை எங்கே என்று மோந்து காட்டும். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டி வரும் கீதாரிகளின் கூடவே நாய்களும் நடந்தே வரும். இப்படி எத்தனை நாய்கள் இந்த மண்ணில் வேலை செய்து செத்திருக்கும்! எல்லாம் வாய்க்கால் கரையிலும் ஆற்றுப் படுகையிலும் போயாயிற்று. அடுத்த வெள்ளத்தில் இடமே தெரியாமல் போகும்.

செவலையின் வேலை பம்புசெட்டுக் காவல். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும் நாட்களில் தாத்தா டார்ச் எடுத்துக்கொண்டு மோட்டார் போடப் போவார். செவலை எப்போதும் பத்தடி முன்னால் போகும். வரப்பில் பாம்பு கிடந்தால் அங்கேயே நின்று ஒரு மாதிரி உறுமும். தாத்தா கம்பால் தட்டி விரட்டிவிட்டு மேலே போவார். "அது முன்னாடி போகும்போது டார்ச்சே வேண்டாம்" என்பார். அது செத்த பிறகு ஒரு ராத்திரி அவர் மோட்டார் போடப் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஹச்சிகோவும் வாக்யாவும்

நாய் நினைவுச் சின்னம் என்றால் இன்று எல்லோரும் சொல்வது ஜப்பானின் ஹச்சிகோ. டோக்கியோவில் பேராசிரியர் உவேனோ 1925இல் இறந்துவிட்டார். அது தெரியாமல் ஷிபுயா ரயில் நிலையத்தில் அவருக்காக அந்த நாய் 1935இல் தான் சாகும்வரை காத்திருந்தது. 1934லேயே, அது உயிரோடு இருக்கும்போதே, அங்கே சிலை வைத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் வாக்யா இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ராய்கட் கோட்டையில் சத்ரபதி சிவாஜியின் சமாதிக்குப் பக்கத்தில் ஒரு நாய்ச் சிலை நிற்கிறது. 1680இல் சிவாஜியின் சிதையில் அவருடைய நாய் தானும் பாய்ந்து உயிர் விட்டதாகக் கதை. சிவாஜியின் தம்பி ஏகோஜி வழியில் வந்த மராட்டியர்கள்தான் 1855 வரை தஞ்சையில் இருந்தார்கள் என்பதால் எங்களுக்கும் இதில் கொஞ்சம் சொந்தம் உண்டு :-) ஆனால் வாக்யா சிலை 1936இல் வைத்தது. அப்படி ஒரு நாய் இருந்ததற்குச் சிவாஜி காலத்து ஆதாரம் இல்லை என்று சொல்லி 2011இல் சிலர் சிலையைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். பிறகு மறுபடி நிறுவினார்கள். சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

வாக்யாவுக்கும் காளிக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் புரிந்தது. வாக்யா கதை இரண்டரை நூற்றாண்டு கழித்துச் சிலையானது. காளியின் கல்லை அதை வளர்த்தவனே, கண்ணால் பார்த்தவனே நட்டான்.

யாருடைய நன்றி?

தமிழில் நாய்க்கு ரெண்டு முகம். கோபம் வந்தால் முதலில் வாயில் வரும் வசவு அதுதான். மாணிக்கவாசகர் இறைவன் முன் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும்போதும் 'நாயேன்' என்கிறார். இன்னொரு பக்கம், நன்றி என்றால் நாய். நாலடியாரில் ஒரு பாட்டு உண்டு. பலநாள் பழகினாலும் யானை தன் பாகனையே கொன்றுவிடும். எஜமான் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் நாய் வாலை ஆட்டும். அதனால் நட்புக்கு யானையைவிட நாயே மேல் என்பது அதன் கருத்து.

ஹச்சிகோ கதை, வாக்யா கதை, நாலடியார் எல்லாவற்றிலும் ஒன்று பொது. நாய் மனிதனுக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தது என்பதுதான் விஷயம். நாய் காத்திருந்தது, நாய் தீயில் பாய்ந்தது, வேல் தைத்தும் வாலாட்டியது. பதிலுக்கு மனிதன் என்ன செய்தான் என்று நாம் அதிகம் கேட்பதில்லை.

ஆதகூர்க் கல்லில் கணக்கு மாறுகிறது. காளி பன்றியோடு சண்டை போட்டுச் செத்தது. வேட்டை நாயின் வேலை அது. அதற்குமேல் எல்லாம் மணலேரன் செய்தது. கேட்டு வாங்கினான், பெயரைக் கல்லில் பொறித்தான், நிலம் விட்டான், பூசைக்கு ஏற்பாடு செய்தான். தான் செத்த பிறகும் அந்த நாயை யாராவது நினைக்க வேண்டும் என்று கவலைப்பட்டான். அந்தக் கல் நாயின் நன்றிக்கு அடையாளம் அல்ல, ஒரு மனிதனின் நன்றிக்கு அடையாளம். எடுத்தனூரில் கோவிவன் கடித்த கள்ளர்கள் இரண்டு பேர் என்று நினைவு வைத்துப் பொறித்தவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

2005இல் நம் தபால் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அது ஓர் இனத்துக்குக் கிடைத்த மரியாதை. ஒரு இனத்தை நினைவு வைப்பது வேறு, ஒரு நாயை நினைவு வைப்பது வேறு. தெருவில் பிறந்த செவலைக்கு எந்தத் தபால்தலையிலும் இடமில்லை. அதை நினைக்க ஒரு ஆள் இருந்தால்தான் உண்டு.

தாத்தாவிடம் சொன்னேன்

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். தக்கோலம், இராஜாதித்தன் எல்லாம் அவருக்குச் சுவாரஸ்யப்படவில்லை. காளியின் பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஊரு எங்க இருக்கு?"

"மைசூருக்கு இந்தப் பக்கம் தாத்தா. மத்தூர் கிட்ட. அங்க ஓடுற சிம்ஷா ஆறு காவிரியில்தான் வந்து விழுது."

"அப்ப நம்ம தண்ணிதான்" என்றார்.

சரிதான். ஆதகூர்ப் பக்கத்து மழைத் தண்ணீர் சிம்ஷாவில் இறங்கி, காவிரியில் கலந்து, மேட்டூர் வந்து, கல்லணை தாண்டி, செவலை கிடக்கும் அந்த வாய்க்கால் வரைக்கும் வரும்.

பூசாரி சமாசாரத்தைச் சொன்னதும் அப்பாயி பக்கம் திரும்பி, "கேட்டியா? நெலமே எழுதி வச்சிருக்கான்" என்றார். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாத்தா கேட்டார்:

"அந்த ஆளு அதுக்கப்புறம் வேற நாய் வளர்த்தானா?"

"கல்வெட்டுல அதப் பத்தி ஒண்ணும் இல்ல தாத்தா."

"வளர்த்திருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எங்களிடம் கல் இல்லை, எழுதிவைக்க நிலமும் அதிகம் இல்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். செவலை. பதினோரு வருடம் ராத்திரி வரப்பில் எங்கள் தாத்தாவுக்கு முன்னால் நடந்த நாய்.

நண்பர்களே, அடுத்தமுறை பெங்களூர் போனால் அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தில் நாய் உருவம் உள்ள நடுகல் ஏதாவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். தாத்தாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்.